மலையா, கடலோரமா, முதியோர் குடியிருப்பா? வட்டக்கானலில் ஒரு வாரம்

பணியில் இருக்கும் நாள்வரை எந்த ஊரில் வாழ விரும்புகிறீர்கள் என்று எவரும் நம்மைக் கேட்பதில்லை. மாறுதல் ஆணை வரும். பெட்டி படுக்கைகளைக் கட்டுவோம். பிள்ளைகளின் பள்ளி, பெற்றோரின் மருத்துவம், வாடகையின் அளவு ஆகிய மூன்றும் கூடி நம் தெருவையும் வீட்டையும் தேர்ந்துவிடும். ஓய்வு பெற்ற மறுநாள்தான் அந்தக் கேள்வி முதன்முதலாக நம் முன் வந்து நிற்கிறது: இனி எங்கே?

எங்கள் இருவருக்கும் அந்தக் கேள்வி வந்தபோது மூன்று விடைகள் முன்னே இருந்தன. முதலாவது, மணப்பாட்டுக் கரையோரத்தில் முன்னோர் விட்டுச் சென்ற சிறு வீடு. இரண்டாவது, கோயம்புத்தூருக்கு வெளியே எழும்பியுள்ள முதியோர் குடியிருப்புகளில் ஓர் இல்லம். மூன்றாவது, நண்பர் ஒருவர் நெடுநாள் வாடகைக்குத் தர முன்வந்த வட்டக்கானல் வீடு. எங்களில் ஒருவருக்குக் கடல் வேண்டும். மற்றவருக்கு மனிதர் வேண்டும். மலை இருவரையும் சமாதானப்படுத்தக் கூடும் என்று எண்ணி, தை மாதக் கடைசியில் ஒரு வாரம் அங்கே தங்கிப் பார்க்கப் புறப்பட்டோம். அங்கே கண்டதையும் கேட்டதையும், இறுதியில் என்ன முடிவு செய்தோம் என்பதையும், இதே கேள்வியோடு இருக்கும் வாசக அன்பர்களுக்காக எழுதுகிறோம்.

மலையேறும் வழி

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகப் பேருந்து ஏறினோம். வத்தலக்குண்டைத் தாண்டியதும் வயல்கள் விடைபெறுகின்றன. சாலை வளையத் தொடங்குகிறது. வாழையும் காப்பியும் மிளகுக்கொடியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. பெருமாள் மலைக்கு மேல் வந்ததும் காற்றின் குணமே மாறிவிடுகிறது. வெள்ளி அருவியருகே வண்டி நின்றபோது, கம்பளியை எடுக்காதவர் எவரும் இல்லை.

இந்தச் சாலை நூறாண்டு கடந்தது. 1910-களில் இது அமைக்கப்படும் முன் மலைக்கு வருவோர் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரை மீதோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ ஏறினர். முதியவருக்கும் நோயாளிக்கும் அடுத்தவர் தோளே வாகனமாக இருந்த காலம் அது. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

கோடைக்கானல் நகரிலிருந்து வட்டக்கானல் ஆறேழு கிலோமீட்டர் தொலைவுதான். பாம்பார்புரம் வழியாகச் செல்லும் சாலை வரவரக் குறுகி, எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டியதாகிறது. ஒருபுறம் பாம்பாறு பாறைகளில் வழிந்தோடுகிறது. 1970-களில் ஒரு சவர்க்கார விளம்பரத்தால் நாடெங்கும் அறிமுகமான அருவி இங்கேதான் உள்ளது. அந்தச் சவர்க்காரத்தின் பெயரைச் சொல்லியே இன்றும் பலர் அருவிக்கு வழி கேட்கின்றனர்.

வட்டக்கானல் மலைவிளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர். சரிவில் படிப்படியாக வீடுகள். அவற்றின் நடுவே காரட், பீன்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திகள். தேநீர்க் கடைப் பலகைகளில் எபிரேய எழுத்துகளைக் கண்டு வியந்தோம். இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் ஆண்டுதோறும் வந்து தங்கிச் செல்வதால் ‘குட்டி இஸ்ரேல்’ என்ற பட்டப் பெயரும் ஊருக்கு உண்டு. காலை எட்டு மணிக்கு வீட்டு முற்றத்தில் நின்றால், சமவெளி முழுவதும் வெண்பஞ்சுப் பரப்பாக மேகம் நம் காலுக்குக் கீழே கிடக்கும். பத்து மணிக்கு அது கலைந்ததும், பெரியகுளத்துப் பக்கத்துக் கண்மாய்கள் சில்லறைக் காசுகளாகக் கீழே மின்னும். படைத்தவன் இந்த மலைக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்று முதல் இரண்டு நாட்களும் நாங்கள் பேசிக்கொண்டோம்.

கானல் என்னும் சொல்

‘கானல்’ என்ற சொல் எங்களை நெடுநேரம் பேச வைத்தது. இங்கே அது காட்டைக் குறிக்கிறது. ஆனால் பழந்தமிழில் கானல் என்பது பெரிதும் கடற்கரைச் சோலையையே சுட்டும். சிலப்பதிகாரத்தின் கானல்வரி புகார்க் கடற்கரையில் நிகழ்கிறது. கோவலனும் மாதவியும் மனம் பிரிந்த இடம் அதுவே. மலைக்கும் கடலுக்கும் நடுவே தயங்கி நின்ற எங்களுக்கு, இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல்லே ஊர்ப்பெயராக வாய்த்தது விந்தையாக இருந்தது.

பண்டையோர் குறிஞ்சியைக் கூடலுக்கும், நெய்தலை இரங்கலுக்கும் உரிய நிலமாக வகுத்தனர். மலையில் காதலர் சந்திப்பர். கடற்கரையில் ஒருத்தி தனித்திருந்து போனவரை எண்ணி வருந்துவாள். இளமையில் இலக்கண விதியாக மட்டும் படித்த இது, அறுபதைக் கடந்தபின் வேறு விதமாகக் காதில் விழுந்தது. இருவர் சேர்ந்து பார்ப்பதற்கு எந்தக் கடலும் அழகுதான். ஒருவர் மட்டும் எஞ்சிவிட்டால்?

இம்மலையின் குளிரும் இலக்கியத்தில் இடம்பெற்றதுதான். கோடைமலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவனைப் புறநானூறு அறியும். பழனிப் பக்கத்து மலைக்குத் தலைவனான பேகன், தோகை விரித்த மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான். தை மாத விடியற்காலையில் இங்கே தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தவர்கள், அந்த வள்ளல் மயிலுக்குக் கொடுத்தது அறியாமையால் அன்று என்று ஒப்புக்கொள்வார்கள்.

வாழ வந்தவர்கள்

நலம் தேடி இம்மலைக்கு வந்தவர்களின் வரலாறு நீண்டது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் சமவெளிக் காய்ச்சலுக்குத் தம்மவர் பலரைப் பறிகொடுத்தனர். முதலில் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. அதன்பின் 1845-ஆம் ஆண்டில் கோடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். ஆகவே இவ்வூர் உல்லாசத்திற்கென்று தோன்றியதன்று. உயிருக்கு அஞ்சியவர்கள் தேடிக் கண்ட புகலிடம்.

மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைக்கு அணை கட்டி ஏரியை உருவாக்கினார். அதில் மிதந்த முதற்படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்பர். கடலோரத்துப் படகு ஏழாயிரம் அடி மலையேறி வந்த கதையைக் கேட்டபோது, எங்களில் கடலை விரும்புபவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. லெவிஞ்ச் ஓய்வுக்குப்பின் இம்மலையிலேயே தங்கினார். அதே 1860-களில் இயேசு சபைக் குரு லூயிஸ் சேன்-சீர் சலேத் அன்னையின் ஆலயத்தை எழுப்பினார். ஆகஸ்டு 15-இல் அங்கு நடைபெறும் திருவிழாவை நம் வாசகர் பலர் நேரில் கண்டிருப்பர். 1895-இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி தோன்றியது. பழனிமலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999-இல் வெளியிட்ட அருள்தந்தை கே. எம். மத்தேயு நினைவும் அவ்வூரோடு இணைந்தது.

வட்டக்கானலையே தம் ஊராகத் தேர்ந்துகொண்டவர்களும் உண்டு. 1980-களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து வந்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கார் என்னும் தம்பதியர் இங்கே குடியேறி, பாம்பார்ச் சோலையின் அரிய மரஞ்செடிகளைத் தேடி, விதை எடுத்து, நாற்றங்கால் அமைத்து வளர்த்தனர். வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை அவர்கள் முயற்சியில் உருவானது. உலகில் வேறெங்கும் காண அரிதான செடிகள் சில இச்சோலையில் உள்ளன. மேலும் அவர்கள் ஓர் உண்மையைக் கவனித்துச் சொன்னார்கள்: அயல்நாட்டு மரத்தோப்புகளின் நிழலிலும் சோலை மரங்கள் தாமாகவே மீண்டும் முளைக்கின்றன. ஆகவே, தைல மரமானாலும் வாட்டில் மரமானாலும் அயல்மரம் என்பதற்காக எதையும் உடனே வெட்டித் தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

இந்தத் தம்பதியரைப் பற்றிக் கேட்டறிந்தபோது எங்களுக்கு ஒன்று விளங்கியது. அவர்கள் இங்கே ஓய்வெடுக்க வரவில்லை. செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலை அவர்களை ஊராரோடு பிணைத்தது. காட்சியை மட்டும் நம்பி மலைக்கு வருபவருக்கு மூன்றாம் மாதமே சலிப்பு வந்துவிடுகிறது என்று தேநீர்க் கடைப் பெரியவர் ஒருவரும் சொன்னார். “மேகத்தை எத்தனை நாளைக்குங்க ஐயா பாத்துக்கிட்டே இருப்பீங்க?” என்பது அவர் கேள்வி.

மலையின் கணக்கு

மூன்றாம் நாளிலிருந்து மலை தன் கணக்கைக் காட்டத் தொடங்கியது.

ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் அந்த அளவு குறைகிறது. இளைஞர் உடல் ஓரிரு நாளில் பழகிக்கொள்ளும். இதய நோயோ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ள முதியவருக்கு அது எளிதன்று. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இரத்த அழுத்தமும் ஏறும். எங்களில் ஒருவர் பால் வாங்கச் சென்று, இருபத்தெட்டுப் படிகள் ஏறித் திரும்பும்போது மூன்று இடங்களில் நின்றார். சமையலறையிலும் இதே கதைதான். தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக மறுக்கிறது. குக்கர் இல்லாத வீட்டில் சாம்பார் இல்லை என்றே சொல்லலாம்.

இரண்டாவது, காட்டெருமை. இருட்டியதும் அவை பாதைக்கு வந்துவிடுகின்றன. பார்க்கப் பசுவைப்போல் சாதுவாகத் தோன்றினாலும், மிரண்டால் ஓடி ஒதுங்க முதியவர் கால்களுக்கு வலுவில்லை. இப்பகுதிக் காடுகளில் பெரும்பகுதி 2013-இல் கோடைக்கானல் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நாம்தாம் விருந்தினர், அவை வீட்டுக்காரர்கள். ஆகவே மாலை ஆறு மணிக்கு மேல் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தோம். தை மாதத்து மலையிரவு மிக நீண்டது.

மூன்றாவது, மருத்துவம். சிறு நோய்களுக்குக் கோடைக்கானலில் மருத்துவமனைகள் உண்டு. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றுக்குத் திண்டுக்கல்லோ தேனியோ மதுரையோ செல்ல வேண்டும். மதுரைக்கு மூன்றரை மணி நேரம். அதுவும் சாலை திறந்திருந்தால். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், கடலுக்கு இத்தனை தொலைவிலுள்ள இம்மலையிலும் மரங்களைச் சாய்த்துப் பாதைகளை அடைத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவு ஏற்படுவது மலைவாசிகளுக்குப் புதிதன்று.

நான்காவது, மலையே முதுமை எய்திவிட்டதோ என்னும் கவலை. கூட்டம் மிகுந்ததால் 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. கோடைக்கானல் நகரில் இயங்கி வந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. அதன் நிலத்திலிருந்து பாம்பார்ச் சோலைப் பக்கம் பரவிய பாதரசத்தைப் பற்றிய வழக்குகளும் துப்புரவுப் பணிகளும் பல ஆண்டுகள் நீடித்தன. தூய காற்றைத் தேடி மலைக்கு வருபவர்கள், சமவெளியின் பாவங்களும் தங்களுக்கு முன்பே மலையேறிவிட்டதை அறிந்திருப்பது நல்லது. வீடு கட்ட விரும்புவோர், மலைப்பகுதிக் கட்டட விதிகள் சமவெளியினும் கடுமையானவை என்பதையும், அனுமதியின்றிக் கட்டப்பட்டவை நீதிமன்றம்வரை சென்று பூட்டப்பட்டதையும் மறக்கலாகாது.

கடலின் கணக்கு

மணப்பாட்டுக் கரையை நினைத்துப் பார்த்தோம். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கித் தங்கிய கரை அது. மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். கீழே ஒருபுறம் கடல், மறுபுறம் கழி. செப்டம்பர் 14-இல் திருவிழா. அங்கே ஏறுவதற்குப் படிகள் இல்லாத தெருக்கள் உண்டு. மூச்சுக்குக் குறைவில்லாத காற்று உண்டு. காலையில் கரைக்கு வந்த மீன் பத்து மணிக்குக் குழம்பாகிவிடும். முதியவர் உடலுக்குச் சமதரையும் கடல்மட்டமும் மலையைக் காட்டிலும் ஏற்றவை என்பதில் ஐயமில்லை.

ஆனால் கடலுக்கும் ஒரு விலை உண்டு. உப்புக்காற்று சன்னல் கம்பியையும் குளிர்பதனப் பெட்டியையும் ஒரே ஆர்வத்தோடு அரிக்கிறது. கிணற்று நீர் உவர்க்கிறது. வெயிலோடு புழுக்கமும் சேர்ந்தால் முதியோர் உடலின் நீர் விரைவில் வற்றும். கரையோர ஒழுங்குமுறை விதிகள் 1991 முதல் நடைமுறையில் இருப்பதால், அலை தொடும் தொலைவில் நினைத்தபடி கட்ட முடியாது. அந்த விதி எத்துணை நியாயமானது என்பதை 2004 டிசம்பர் 26 நமக்குக் கற்பித்தது. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலை. நாகையிலும் வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களில் ஓட இயலாத முதியோரும் குழந்தைகளும் எத்தனை பேர்!

இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். எங்களைத் தயங்க வைத்தது வேறொன்று. எங்கள் தெருவில் உறவினர் வீடுகள் ஒன்பது இருந்தன. இன்று ஏழு வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. பிள்ளைகள் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் சென்றுவிட்டனர். கடல் அங்கேயே இருக்கிறது. நாங்கள் நினைவில் வைத்திருக்கும் ஊர் அங்கே இல்லை. “உங்களுக்குப் பிறகு அந்த அலையோடுதானா பேசிக்கொண்டிருப்பது?” என்று எங்களில் ஒருவர் ஐந்தாம் நாள் இரவு கேட்டதற்கு மற்றவரிடம் விடை இல்லை.

குடியிருப்பின் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாட்டின் சராசரியைவிட இது மிகுதி. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் கையில் ஓய்வூதியம். இந்நிலையில் கோயம்புத்தூரைச் சுற்றி முதியோருக்கான குடியிருப்புகள் பெருகியதில் வியப்பில்லை. ஒரே வளாகத்தில் சிறு சிறு வீடுகள், பொதுச் சமையற்கூடம், நடைபாதை, மருத்துவ உதவி, அழைப்புமணி. இது வயோதிகரைக் கைவிடும் இடம் என்ற பழைய எண்ணம் மாறி வருகிறது.

மாறவேண்டியதும்தான். ஏனெனில் முதியோரைக் கூட்டி வைத்துப் பேணும் வழக்கம் வணிகர் கண்டுபிடித்ததன்று. பிரான்சு நாட்டின் கடலோர ஊரான கான்கலில் 1792-இல் பிறந்த ஜான் ஜுகான், கடலுக்குப் போன தந்தையை இழந்து வளர்ந்தவர். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1839-இல், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் அறைக்கு அழைத்து வந்து தம் படுக்கையையே அவருக்குக் கொடுத்தார். அந்த ஒரு படுக்கையிலிருந்து எளியோரின் சிறிய சகோதரிகள் சபை தோன்றியது. 1882-இல் அது கல்கத்தாவுக்கு வந்தது. ஜான் ஜுகான் 2009-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இன்றைய குடியிருப்புகள் பணம் உடையவர்களுக்கு. அன்னாரின் இல்லங்கள் ஒன்றும் இல்லாதவர்களுக்கு. இந்த வேறுபாட்டை மறந்து முதுமையைப் பற்றி நாம் பேசக்கூடாது.

பணம் கட்டிச் சேர்வோர் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. வீடு சொந்தமா, வாழ்நாள் குத்தகையா, வைப்புத்தொகையா? வைப்புத்தொகையானால் எப்போது, எவ்வளவு திரும்பும்? மாதச் செலவு ஆண்டுக்கு எவ்வளவு உயரும்? தம்பதியரில் ஒருவர் மறைந்தால் மற்றவரின் உரிமை யாது? எழ முடியாமல் படுத்துவிட்டால் அங்கேயே பார்ப்பார்களா, ‘வேறிடம் பாருங்கள்’ என்பார்களா? கட்டுமானம் 2016-ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டப்படி பதிவு பெற்றதா? இவற்றுக்கெல்லாம் விடை எழுத்தில் இருக்க வேண்டும். மேலும், சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் பெற்றோர், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை அறிந்திருத்தல் நலம். தம்மைப் பேணவேண்டும் என்ற நிபந்தனையை ஆவணத்திலேயே எழுதியிருந்து, அது மீறப்பட்டால், அந்தக் கொடையை ரத்துச் செய்யுமாறு தீர்ப்பாயத்தை நாடலாம்.

குடியிருப்பின் குறையையும் சொல்லியாக வேண்டும். அங்கே குழந்தைகளின் குரல் கேட்பதில்லை. எல்லோருடைய பேச்சும் மருந்தில் தொடங்கி மருந்தில் முடியக்கூடும். அடுத்த வீட்டுக்காரரோடு ஐம்பது ஆண்டுப் பழக்கம் இல்லை. மனிதரை விரும்பிய எங்களில் ஒருவருக்கும் இந்த அச்சம் இருந்தது: அறிமுகமற்றவர் நூறு பேர் இருந்தால் அது ஊராகிவிடுமா?

வெள்ளகெவிப் பாதையில்

ஆறாம் நாள் டால்பின் மூக்குப் பாறைக்கு நடந்தோம். வட்டக்கானலிலிருந்து வேர்கள் பின்னிய சரிவில் இறங்கிச் செல்லும் பாதை அது. பெரும்பள்ளத்தின் மேல் மூக்கு நீட்டி நிற்கும் பாறைக்கு இளைஞர்கள் படமெடுக்கச் செல்கின்றனர். அதே பாதை அங்கே முடியாமல் கீழே தொடர்ந்து வெள்ளகெவிக்குச் செல்கிறது. அதையும் கடந்தால் கும்பக்கரை. கோடைக்கானல் தோன்றுவதற்கு முன்பே இருந்த ஊர் வெள்ளகெவி. தலைமுறை தலைமுறையாக வண்டிச்சாலையின்றியே வாழ்ந்து வந்த மக்கள். ஊர் முழுவதையும் கோயிலாகக் கருதி உள்ளே செருப்பணியாமல் நடப்பவர்கள். காப்பியும் பழமும் குதிரை முதுகிலோ மனிதர் தலையிலோ மேலே வரும். அரிசியும் உப்பும் அவ்வாறே கீழே போகும்.

பாதையோரத்துக் கடையில் நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, குதிரையோடு மேலே வந்த வெள்ளகெவிக்காரர் ஒருவர் இளைப்பாற அமர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். உடம்புக்கு முடியாதவர்களை எப்படி மேலே கொண்டுவருவீர்கள் என்று கேட்டோம்.

“டோலி கட்டித் தூக்கிக்கிட்டு வருவோம் ஐயா. நாலு பேரு தூக்க, நாலு பேரு மாத்த. ராத்திரின்னா முன்னால ரெண்டு பேரு வெளிச்சம் பிடிப்பாங்க.”

“கூப்பிட்ட உடனே ஆள் வருவார்களா?”

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. சிறிது நேரம் எங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வராம எப்படிம்மா? எங்க அப்பாவ அவங்க தூக்குனாங்க. அவங்க அம்மாவ நான் தூக்குனேன். நாளைக்கு எனக்கு முடியலேன்னா அவங்க பிள்ளைக தூக்கும்.”

சாலை இல்லாமையை நாங்கள் புகழவில்லை. டோலியில் வரும் வழியிலேயே உயிர் பிரிந்தவர்களும் உண்டு. அம்மக்கள் நெடுங்காலமாகச் சாலை கேட்டு வந்ததில் முழு நியாயம் இருக்கிறது. ஆயினும் அந்தப் பதில், ஒரு வாரமாக நாங்கள் போட்ட கணக்குகளின் குறையை எடுத்துக் காட்டியது. காற்றழுத்தம், மருத்துவமனைத் தொலைவு, வைப்புத்தொகை, உப்பு, குளிர் ஆகிய எல்லாவற்றையும் எழுதினோம். எல்லாக் கணக்கிலும், நமக்குப் பிறர் என்ன தருவர் என்பதே வரவு. நாம் யாரைத் தூக்கினோம் என்ற பத்தியே எங்கள் தாளில் இல்லை.

தோள் என்பது திடீரென வாங்கக்கூடிய பொருளன்று. கொடுத்தவர்களுக்கே அது திரும்புகிறது. எண்பது வயதில், தனிமையும் நோயும் சேர்ந்தபின் புது இடத்திற்குச் செல்பவர், எல்லோரிடமும் பெற வேண்டியவராகவே போய்ச் சேருகிறார். அதே இடத்திற்கு அறுபத்து மூன்றில் செல்பவர், மற்றவருக்கு மருந்து வாங்கி வரலாம். மங்கிய கண்ணுக்குக் கடிதம் படித்துக் காட்டலாம். துணையை இழந்தவரோடு மாலையில் நடக்கலாம். பத்தாண்டு அவ்வாறு வாழ்ந்தபின், அறிமுகமற்ற நூறு பேர் அங்கே இருக்க மாட்டார்கள்.

நாங்கள் கண்ட முடிவு

ஆகவே எங்கள் தீர்மானம் இது. வட்டக்கானல் வீட்டை நண்பருக்கு நன்றியோடு மறுத்துவிட்டோம்; மலைக்குச் சில நாள் விருந்தினராக வருவோம். மணப்பாட்டு வீட்டை விற்கவில்லை. கூரையைச் செப்பனிட்டு, அடுத்த வீட்டில் தனித்திருக்கும் உறவினரிடம் சாவியைக் கொடுத்துள்ளோம். திருவிழா மாதத்தில் கடலோரம் எங்களுடையது. குடியிருப்பில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்த்தபின்பே பெருந்தொகை எதையும் கட்டுவது என்று முடிவு செய்தோம். முதுமை எய்தியபின் அல்ல, உடலில் தெம்பு இருக்கும் இப்போதே செல்கிறோம்.

இந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. உறவினர் வீடுகளில் இன்னும் விளக்கெரியும் கடலோரத் தெரு உங்களுக்கு வாய்த்திருந்தால், அதைவிட்டு எங்கும் செல்லாதீர்கள். மலையூரிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்தக் குளிரே மருந்து. ஆனால் எவ்விடத்தைத் தேர்ந்தாலும், கையெழுத்திடும் முன் தம்பதியர் இருவரும் சேர்ந்தமர்ந்து ஒன்றைப் பேசிவிடுங்கள்: நம்மில் ஒருவர் மட்டும் இங்கே எஞ்சும் நாளில், காலையில் கதவு திறக்கவில்லையே என்று வந்து தட்டுபவர் யார்? அந்தப் பெயரை உடனே சொல்ல முடிந்தால் வீடு அமைந்துவிட்டது. முடியாவிட்டால், எந்தக் கதவையாவது இன்றே நாம் போய்த் தட்டத் தொடங்கவேண்டும்.